கருணாபுரம் என்னும் பத்து எண்கள்

கணினியில் கருணாபுரம் என்று தட்டச்சு செய்து சேமித்தால், கோப்புக்குள் போய் உட்காருவது பத்து எண்கள். 2965, 2992, 3009, 2979, 3006, 2986, 3009, 2992, 2990, 3021. வேர்ட் வைத்திருப்பவர்கள் உடனே சோதித்துப் பார்க்கலாம். ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, விசைப்பலகையின் வலது ஓரத்தில் உள்ள எண் பகுதியில் 2965 என்று அடித்துவிட்டு விரலை எடுங்கள். திரையில் ‘க’ வந்து நிற்கும். அடுத்து 2992 அடித்தால் ‘ர’. அதன் பிறகு 3009 அடிக்கும்போதுதான் விந்தை. புதிதாக எதுவும் வந்து பக்கத்தில் நிற்பதில்லை. ஏற்கெனவே நின்றிருந்த ‘ர’ உருமாறி ‘ரு’ ஆகிவிடுகிறது.

நாம் வாசிக்கும்போது இந்தப் பெயரில் ஆறு எழுத்துதான். கணினி உயிர்மெய்யை அகரமேறிய எழுத்தும் குறியுமாகப் பிரித்து வைத்துக்கொள்வதால் அதற்குப் பத்து. மகரத்தின் தலையில் இருக்கும் புள்ளிக்குக்கூடத் தனி எண் உண்டு: 3021. உகரக் குறியின் எண்ணான 3009 இந்தப் பெயரில் இரண்டு முறை வருகிறது, ‘ரு’வில் ஒன்று, ‘பு’வில் ஒன்று. எண் ஒன்றேதான், வடிவம் வேறு. ‘ரு’வில் அது வளைந்து சுழிகிறது, ‘பு’வில் நேராகக் கீழே இறங்குகிறது. எந்த எழுத்தோடு சேர்ந்தால் எந்த வடிவம் எடுக்க வேண்டும் என்ற கணக்கு கோப்பில் எங்கும் எழுதப்படவில்லை. அது எழுத்துருவுக்குள் இருக்கிறது. ‘இங்கே உகரம்’ என்று சொல்வதோடு கோப்பின் வேலை முடிந்தது. எப்படி வரைவது என்பது எழுத்துருவின் பாடு.

எழுத்து எது, அதன் உருவம் எது என்ற இந்தப் பிரிவுதான் ஒரு தமிழ்க் கோப்பைப் பழைய வேர்டிலிருந்து புதிய வேர்டுக்குச் சேதமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இந்தப் பிரிவு இல்லாமல் எழுதப்பட்ட தமிழ் ஏராளம். ஏறக்குறைய இரண்டு தலைமுறைத் தட்டச்சர்களின் உழைப்பு அது. ஒவ்வொரு முறை கணினியோ மென்பொருளோ மாறும்போதும் அதில் ஒரு பகுதி வாசிக்க முடியாததாகிக்கொண்டே போகிறது.

கருணாபுரம் கள்ளக்குறிச்சி நகரத்தின் ஒரு பகுதி. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அங்கும் சுற்றுவட்டாரத்திலும் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதுவரை மாவட்டத்துக்கு வெளியே அதிகம் கேள்விப்படாத பெயர் நாடு முழுவதும் ஒலித்தது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அழுகை ஓய்வதற்குள் தாள் வேலை தொடங்கிவிடுகிறது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உதவித்தொகைக்கு மனு, பெயரில் ஓர் எழுத்து பிசகியிருந்தால் அதைத் திருத்த இன்னொரு மனு. கல்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து பட்டாவுக்கும் இனச்சான்றுக்கும் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வருகிறவர்களுக்கும் இதே தாள்கள்தான் வழித்துணை. இவை எல்லாமே இன்று ஒரு கணினிக் கோப்பாகத்தான் பிறக்கின்றன. இருபது ஆண்டு கழித்து ஒரு பிள்ளை வளர்ந்து வந்து தேடும்போது அந்தக் கோப்பு திறக்குமா, அதில் அப்பாவின் பெயர் அகப்படுமா என்பது கோப்புக்குள் என்ன எண்கள் போய் உட்கார்ந்தன என்பதைப் பொறுத்தது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கும், ஆபீஸ் 2016, 2019 பதிப்புகளுக்கும் மைக்ரோசாஃப்ட் தன் ஆதரவை நிறுத்திக்கொண்டது. ஊர் ஊராக டிடிபி கடைகளிலும் அலுவலகங்களிலும் கணினி மாற்றம் நடக்கிறது. அப்போது காதில் விழும் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான்.

“அண்ணா, பழைய ஃபைலெல்லாம் தொறந்தா ஒரே இங்கிலீசா வருதுண்ணா.”

“ஃபான்ட்டு ஏத்தலடா. பழைய சிஸ்டத்துல இருந்து ஃபான்ட்டெல்லாம் காப்பி பண்ணியாந்தியா இல்லியா?”

பதில் சரியானது. ஏன் சரி என்பதற்குப் பாமினி எழுத்துருவைப் பார்க்க வேண்டும். ஈழத்திலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் பெருவழக்காக இருந்த பாமினி, தமிழகத்து டிடிபி கடைகளிலும் நன்றாக வேரூன்றியது. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்துச் சேமித்தால் கோப்பில் போய் உட்காருவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிறிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலக் கோப்பு. ஜே என்ற எழுத்தை வரைய வேண்டிய இடத்தில் ‘த’வின் படத்தை வைத்திருக்கிறது பாமினி, அவ்வளவுதான். தென்னாற்காட்டுத் தெருக்கூத்தில் கட்டை கட்டி அரிதாரம் பூசி ஓர் ஆள் துரியோதனனாக நிற்பது போல, ஜே என்பது ‘த’வாக வேஷம் கட்டி நிற்கிறது. புதிய கணினியில் பாமினி இல்லையென்றால், வேர்ட் தன்னிடம் உள்ள வேறோர் எழுத்துருவைப் போட்டுக் காட்டுகிறது. வேஷம் கலைந்து ஜே தெரிகிறது. கோப்பு கெடவில்லை. உள்ளே முதலிலிருந்தே தமிழ் இல்லை.

கருணாபுரம் என்பது பாமினியில் எட்டு எழுத்து: சிறிய எஃப், பெரிய யூ, சிறிய இஸட், சிறிய எச், பெரிய ஜி, சிறிய யூ, சிறிய கே, அரைப்புள்ளி. சிறியதா பெரியதா என்பது இங்கே உயிர்நாடி. சிறிய எஃப் ‘க’ என்றால் பெரிய எஃப் ‘கு’. சிறிய யூ ‘ர’, பெரிய யூ ‘ரு’. இப்போது வேர்டைப் புதிதாக நிறுவுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு உதவியாக அதில் ஒரு வசதி இயல்பாகவே இயங்கும்: வாக்கியத்தின் முதல் எழுத்து சிறியதாக இருந்தால் அதுவே பெரியதாக்கிவிடும். வாக்கியத் தொடக்கத்தில் பாமினியில் ‘கருணாபுரம்’ என்று அடித்து இடைவெளி விட்டதும், அந்தச் சிறிய எஃப் பெரிய எஃப் ஆகிறது. ஊர்ப் பெயர் ‘குருணாபுரம்’ ஆகிறது. தமிழ் ‘துமிழ்’ ஆகிறது. அடித்தவரின் கை சரியாகத்தான் அடித்தது. பழைய பதிப்பில் என்றோ ஒரு நாள் யாரோ இந்த வசதியை அணைத்து வைத்திருப்பார்கள். புதிய பதிப்பில் அது மறுபடி உயிரோடு நிற்கும். அதனால்தான் அனுபவமுள்ள டிடிபி ஆட்கள் வேர்டை நிறுவிய கையோடு முதலில் ஆட்டோகரெக்ட் பெட்டியைத் திறந்து குறிகளை எடுத்துவிட்டு, பிறகு வேலைக்கு உட்காருகிறார்கள்.

இந்த வேஷங்கள் ஏன் தேவைப்பட்டன? தொடக்கக் காலக் கணினிகள் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் இடம்தான் ஒதுக்கின. அதில் 256 எண்களுக்கு மேல் அடங்காது. பாதியை ஆங்கிலம் எடுத்துக்கொண்டால் மீதி 128. தமிழ் எழுத்து 247. கிரந்தத்தையும் சேர்த்தால் இன்னும் மிகுதி. ஆகவே ஒவ்வொருவரும் எழுத்துகளைத் துண்டு துண்டாக்கி, தமக்குத் தோன்றிய இடத்தில் தமக்குத் தோன்றிய துண்டை வைத்தார்கள். இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1984-இல் கனடாவில் கு. சீனிவாசன் ‘ஆதமி’ என்ற தமிழ்ச் சொற்செயலியைச் செய்தார். மறுஆண்டு மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’வைத் தொடங்கினார். சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவைத் தந்தார். எந்தப் பெரிய நிறுவனமும் தமிழை ஒரு பொருட்டாக எண்ணாத நாளில், தனி மனிதர்கள் தங்கள் மாலை நேரங்களைச் செலவிட்டுக் கணினியைத் தமிழ் பேச வைத்தார்கள். வந்த விளைவு என்னவென்றால், ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசிக்க அவருடைய எழுத்துருவும் வேண்டும் என்றாகிவிட்டது.

1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட்99 மாநாடு இந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்த முயன்றது. அதைத் தொடர்ந்து தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையையும், டாப், டாம் என்ற இரு குறியீட்டு முறைகளையும் ஏற்றது. டாப் இருமொழிக்கு, டாம் தமிழுக்கு மட்டும். இணையத்தில் எழுதியவர்கள் பலர் திஸ்கி என்ற வேறொரு முறையில் இருந்தார்கள். அலுவலகங்களில் வானவில் என்ற எழுத்துரு வேரூன்றியது. ஒழுங்கு வந்தது, ஆனால் ஒன்றாக வரவில்லை.

ஒருங்குறி, அதாவது யூனிகோடு, 1991-இலேயே முதல் பதிப்பைக் கண்டுவிட்டது. உலகத்தின் எல்லா வரிவடிவங்களுக்கும் ஒரே எண் பட்டியல் என்பது அதன் ஏற்பாடு. தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். இந்த எண்களுக்குள் வேறெந்த மொழியும் நுழையாது; 2965 என்றால் உலகத்தில் எங்கும் ‘க’தான். இருந்தும் ஏறக்குறைய பத்தாண்டுக் காலம் அது நம் மேசைக்கு வந்து சேரவில்லை. எண்ணைப் பெற்றுக்கொண்டு எழுத்தை வரைந்து காட்டும் நுட்பம் இயங்குதளத்தில் வேண்டும். தமிழுக்கு அந்த நுட்பத்தையும் லதா என்ற எழுத்துருவையும் கொண்டு வந்த முதல் விண்டோஸ், விண்டோஸ் 2000. ஐந்தாண்டு கழித்து ஆப்பிளின் இயங்குதளத்தில் முத்து நெடுமாறனின் இணைமதி இடம் பிடித்தது. 2010 ஜூன் 23, கோவையில் செம்மொழி மாநாடு தொடங்கிய நாளில், தமிழக அரசு ஒருங்குறியைத் தன் குறியீட்டு முறையாக ஆணையிட்டது. அச்சுத் துறை போன்ற இடங்களுக்கு டேஸ்16 என்ற மாற்று முறையும் அதே ஆணையில் உண்டு. அது ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் முழுதாக ஓர் எண் கொடுக்கிறது. ஆறு எழுத்துப் பெயருக்கு ஆறே எண். தமிழ் இலக்கணத்துக்கு நெருக்கமானது என்று அதை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் ஒருங்குறிப் பட்டியலில் தனியார் பயன்பாட்டுக்கென விட்டிருக்கும் பகுதியில் அது குடியிருப்பதால், முன்னேற்பாடு இல்லாத கணினியிலும் கைப்பேசியிலும் திறக்காது. வாசகரின் கையில் திறக்காத எழுத்து எவ்வளவு அழகாகக் கணக்கிடப்பட்டிருந்தாலும் எனக்கு அது இரண்டாம் பட்சம்தான்.

வரைந்து காட்டும் நுட்பம் என்றேன். அது எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு கல்வராயன் மலையில் பிறந்து கள்ளக்குறிச்சிச் சீமையை நனைக்கும் ஆற்றின் பெயரே போதும். கோமுகி. இதன் முதல் எழுத்தைக் கையால் எழுதும்போது முதலில் இரட்டைச் சுழிக் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். வாய் சொல்வது அப்படி இல்லை. ககர மெய் முதலில், ஓகாரம் பின்னால். ஒருங்குறி வாயின் வரிசையைப் பின்பற்றுகிறது. கோப்பில் முதலில் 2965, அடுத்து ஓகாரக் குறியின் எண் 3019. அந்த ஓகாரக் குறியைத் திரைக்குக் கொண்டுவரும்போதுதான் அது இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி ககரத்தைத் தாண்டி இடப்பக்கம் குதிக்கிறது, மறுபாதி வலப்பக்கம் நிற்கிறது. நீங்கள் அடிக்கும் ஒவ்வோர் எழுத்துக்கும், கண்ணிமைக்கும் நேரத்துக்குள், இந்தப் பிளப்பும் குதிப்பும் நடந்து முடிகிறது. விண்டோஸில் யூனிஸ்கிரைப் என்ற நிரல் இதைத் தொடங்கி வைத்தது. லிப்ரே ஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு கைப்பேசி எல்லாவற்றிலும் ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற நிரல் செய்கிறது. ‘கோ’வை அடித்துவிட்டுப் பேக்ஸ்பேஸை ஒரு முறை தட்டினால் கொம்பும் காலும் சேர்ந்தே மறைந்து ‘க’ மட்டும் எஞ்சும். கண்ணுக்கு இரண்டாகத் தெரிந்தது உள்ளே ஒன்றுதான் என்பதற்கு அதுவே சாட்சி.

தட்டச்சுப் பள்ளியில் லோயர், ஹையர் முடித்தவர்களின் விரலுக்கு மூன்றாவது ஒரு வரிசை தெரியும். தட்டச்சுப் பொறியில் புள்ளியும் கொக்கியும் நகரா விசைகள்; அடித்தால் தாள் நகராது. ஆகவே ‘ம்’ வேண்டுமென்றால் முதலில் புள்ளி, அதன் அடியில் மகரம். வாய் மகரத்தை முதலில் நினைக்கும், கை புள்ளியை முதலில் அடிக்கும். ஒருங்குறிக்கான தட்டச்சு மென்பொருள்களில் பழைய தட்டச்சு விசைப்பலகை என்று ஒன்று இருக்கும்; அதில் புள்ளியை அடித்ததும் மென்பொருள் அதைக் கையில் பிடித்து வைத்துக்கொண்டு, மகரம் வந்த பிறகு இரண்டையும் இடம் மாற்றிக் கோப்புக்கு அனுப்புகிறது. முப்பது ஆண்டு பழகிய விரலை மாற்றச் சொல்லாமல், கணினி தன்னை மாற்றிக்கொள்கிறது. மென்பொருள் செய்கிறவர்களிடம் நான் மிகவும் மதிப்பது இந்தப் பணிவைத்தான்.

எழுத்தும் உருவமும் பிரிந்திருப்பதன் அருமையை இன்னொரு கோணத்திலும் பார்க்கலாம். 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது. 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. கருணாபுரத்தின் நடுவில் நிற்கும் ‘ணா’ அவற்றில் ஒன்று. அதற்கு முந்தைய அச்சில் இந்த எழுத்துக்குத் தனியாகக் கால் கிடையாது. ணகரத்தின் கடைசிக் கோடே கீழிறங்கிச் சுழிந்து ஆகாரமாகிவிடும். அன்று அச்சகங்கள் ஈய எழுத்துகளை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒருங்குறியில் இருக்கும் ஒரு கோப்புக்கு அப்படி ஒரு சீர்திருத்தம் நாளையே வந்தாலும் ஓர் எண்கூட மாற வேண்டியதில்லை. 2979, 3006. பழைய வடிவத்தை வரையும் எழுத்துருவைத் தேர்ந்தால் பாட்டன் வாசித்த ‘ணா’, இன்றைய எழுத்துருவைத் தேர்ந்தால் பேத்தி வாசிக்கும் ‘ணா’.

இப்போது பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் வேலைக்கு வருவோம். மேலோட்டமாகப் பார்த்தால் ஜே வந்தால் ‘த’, கே வந்தால் ‘ம’ என்று மாற்றிக்கொண்டே போகும் எளிய வேலை. உண்மையில் இதற்கு ‘மாற்றி’ என்னும் மென்பொருளை எழுதியவர்கள் பட்ட பாடு பெரிது. பாமினியில் ‘கோ’ என்பது கண்ணின் வரிசையில் மூன்று துண்டு: கொம்பு, ககரம், கால். மாற்றி மூன்றையும் ஒருசேரப் பார்த்து 2965, 3019 என்ற இரண்டு எண்ணாக ஆக்க வேண்டும். அவசரமாக எழுதிய மாற்றி முதல் இரண்டை மட்டும் பார்த்து ‘கே’ என்று முடிவு செய்து, மிச்சமிருக்கும் காலைப் பின்னால் ஒட்டிவிடும். அப்போது கோப்பில் 2965, 3015, 3006 என்று மூன்று எண் உட்காரும். திரையில் பார்த்தால் அதுவும் ‘கோ’தான், அச்செடுத்தாலும் ‘கோ’தான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. ஆனால் கோப்பில் ‘கோமுகி’ என்று தேடினால் அகப்படாமல் போகலாம். இரண்டும் ஒன்றே என்று ஒருங்குறியின் விதி தெளிவாகச் சொல்கிறது. அந்த விதியை மதித்துத் தேடும் மென்பொருளும் உண்டு, எண்ணுக்கு எண் ஒப்பிட்டுக் கைவிரிக்கும் மென்பொருளும் உண்டு. ஒரு பயனாளியின் பெயர் ‘கோ’வில் தொடங்கினால், பட்டியலில் பெயர் இல்லை என்று அவரைத் திருப்பி அனுப்ப இது போதும்.

இன்னொரு சிக்கல் ஔகாரம். பழைய எழுத்துருக்களில் ‘கௌ’வின் வலப்பக்கத் துண்டும் ளகரமும் ஒரே படம். கொம்பு, தகரம், ளகரம் என்று அடுத்தடுத்து வந்தால் மாற்றி அதை ‘தௌ’ என்று எடுத்துக்கொள்கிறது. அடுத்து ஒரு கொக்கி வந்து நிற்கும்போது ‘தெளிவு’ என்ற சொல் ‘தௌிவு’ என்று சிதைகிறது. இணையத்தில் ஏற்றப்பட்ட பழைய நூல்களில் இந்தத் தௌிவைப் பார்த்திருப்பீர்கள். எழுதிய ஆசிரியர் பிழை செய்யவில்லை, மெய்ப்புத் திருத்தியவரும் செய்யவில்லை. இரண்டு எழுத்துக்கு ஒரே படத்தைப் பங்கிட்ட பழைய கட்டாயம் இருபது ஆண்டு கழித்து வந்து இப்படிக் கணக்குத் தீர்க்கிறது.

இந்த மாற்றத்தை முழு நூலகத்துக்கே செய்து காட்டியவர்கள் மதுரைத் திட்டத்தார். 1998 பொங்கலன்று தொடங்கிய அந்தத் தன்னார்வ முயற்சி பழந்தமிழ் நூல்களை முதலில் இணைமதி, மயிலை எழுத்துருக்களில் வெளியிட்டது, பிறகு திஸ்கிக்கு மாறியது, பிறகு ஒருங்குறிக்கு. இரண்டு முறை வீடு மாறியும் நூல்கள் கைக்குக் கிடைக்கின்றன. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் யாரோ பொறுப்பெடுத்துச் செய்ததால்தான். நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் மாற்றியும், சுரதா யாழ்வாணனின் மாற்றியும் ஆயிரக்கணக்கானோருக்கு இந்த வேலையை எளிதாக்கின. விலை எதுவும் கேட்கவில்லை.

ஒருங்குறிக் கோப்புக்குப் புதிய பதிப்பில் பிரச்சினையே வராதா என்றால், வரும், ஆனால் சின்னது. விண்டோஸ் 10 முதல் லதா எழுத்துரு தானாக வருவதில்லை, தனியாகச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் நிர்மலா என்ற எழுத்துரு அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். எழுத்து ஒன்றும் கெடாது. அகலம் மட்டும் மாறும், அதனால் வரி மடியும் இடம் மாறும். முத்திரைத் தாளில் அச்சிடும் பத்திரத்துக்கு முதல் பக்கத்தின் மேல்பகுதியை அளந்து விட்டிருப்பார்கள். இரண்டு வரி கூடினால் கடைசியில் சாட்சிக் கையெழுத்து மட்டும் தனியாக அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும். வேர்ட் இதைக் கொஞ்சம் முன்யோசனையோடு கையாள்கிறது. எந்தப் பதிப்பின் விதிப்படி வரிகளை அடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு கோப்பிலும் ஓர் எண் எழுதி வைத்திருக்கிறது: 2007 பதிப்புக்கு 12, 2010-க்கு 14, 2013 முதல் 15. பழைய எண்ணைக் கண்டால் பழைய விதிப்படியே அடுக்க முயல்கிறது. சாளரத்தின் தலைப்பில் கம்பாட்டிபிலிட்டி மோட் என்று தெரிவது இதைத்தான்.

கோப்புக்குள் என்ன இருக்கிறது என்பதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். வேர்ட் 2007-இலிருந்து வரும் டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி. ஒரு நகல் எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள டாக்எக்ஸை ஜிப் என்று மாற்றித் திறந்தால், உள்ளே கோப்புறைகளும் சிறு கோப்புகளும் இருக்கும். டாக்குமென்ட் என்ற பெயருள்ள கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். குறிச்சொற்களுக்கு நடுவே, கருணாபுரம் என்று தமிழிலேயே எழுதியிருக்கும். 2008-இல் ஐஎஸ்ஓ தரமாக ஏற்கப்பட்ட அமைப்பு இது. எதிர்காலத்தில் வேர்ட் என்ற மென்பொருளே இல்லாமல் போனாலும் இந்தப் பொதியைப் பிரித்து வாசித்துவிட முடியும். பாமினியில் அடித்த கோப்பை இப்படிப் பிரித்தால் நடுவே ஆங்கில எழுத்துக் குவியலும், அருகில் பாமினி என்ற எழுத்துருவின் பெயரும் இருக்கும். அந்தப் பெயர்தான் ஒரே சாவி. எழுத்துருப் பெயர் இல்லாத வெற்றுக் கோப்பாகச் சேமித்துவிட்டால் அந்தச் சாவியும் போய்விடும். பாமினியா, வானவில்லா, டாபா என்று ஊகிக்க வேண்டியதுதான்.

கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு இது கூடுதலாகப் புரியும், ஏனென்றால் அந்த மண்ணின் முகவரியே ஒரு தலைமுறைக்குள் பல பதிப்பு கண்டிருக்கிறது. 1993 செப்டம்பர் 30 வரை தென்னாற்காடு மாவட்டம். பிறகு விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம், பிறகு வெறும் விழுப்புரம். 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம். கடைகளிலும் அலுவலகங்களிலும் வைத்திருக்கும் மாதிரிப் படிவம் ஒவ்வொன்றிலும் ‘விழுப்புரம் மாவட்டம்’ என்பதைத் தேடி மாற்ற வேண்டியிருந்திருக்கும். ஒருங்குறிக் கோப்பில் இது ஒரே கட்டளை. வானவில்லில் இருக்கும் கோப்பில் வானவில்லிலேயே அடித்துத் தேட வேண்டும், பாமினிக் கோப்பில் பாமினியில். மூன்று எழுத்துருவில் படிவம் வைத்திருந்தவர் அதே ஊர்ப் பெயரை மூன்று மொழியில் தேடுவது போலத் தேடியிருப்பார்.

கைப்பேசியில் தமிழ் அடிக்கும் இளைஞர்களுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. அவர்கள் பாமினியைப் பார்த்ததே இல்லை; தொடங்கும்போதே ஒருங்குறியில் தொடங்கியவர்கள். கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து ஒரு மாணவி வாட்ஸாப்பில் அனுப்பும் நான்கு வரி, 1990-களில் ஒரு நாளிதழ் அலுவலகம் தன் சொந்த எழுத்துருவில் அடித்துக் குவித்த பக்கங்களைவிட நீண்ட ஆயுள் கொண்டது. அந்தப் பக்கங்களில் இருக்கும் ஊர்ச் செய்திகள், வெள்ளக் கணக்குகள், மனிதர்களின் பெயர்கள் எந்தத் தேடலிலும் சிக்காமல் கிடக்கின்றன என்பதை நினைத்தால் எனக்குப் பதைக்கிறது.

உங்கள் கணினியில் பழைய கோப்புகள் இருந்தால், புதிய பதிப்புக்குப் போகும் முன்பே ஒன்றைத் திறந்து, ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து, எழுத்துருவை நிர்மலாவுக்கு மாற்றிப் பாருங்கள். தமிழாகவே நின்றால் பயமில்லை. ஆங்கிலக் குவியலாக மாறினால் உடனே அன்டூ கொடுத்துவிட்டு, முன்பு இருந்த எழுத்துருவின் பெயரை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எழுத்துருக் கோப்பையும் பழைய கணினியிலிருந்து எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். எழுத்துகளுக்குப் பதில் வெறும் கட்டங்கள் தெரிந்தால் பெரும்பாலும் உள்ளே எண்கள் சரியாகவே இருக்கும், வரைய எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். மாற்றி கொண்டு ஒருங்குறிக்கு மாற்றிய பின் தெளிவு, ஒளி, கௌரவம், கோயில் என்று நான்கைந்து சொற்களைத் தேடிப் பாருங்கள். மாற்றி தடுக்கி விழும் இடங்கள் அவை. எல்லாம் சரியாக வந்த பிறகும் பழைய கோப்பை அழிக்க வேண்டாம். பெயரிலோ சர்வே எண்ணிலோ பின்னால் சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் மூலம்.